நேட்டால் பாதைக்கு மூன்று அபூர்வ வேகன்கள்: கரும்பு வண்டி, மொலாசஸ் தொட்டி, ஆலை உருளை ஏற்றிய தாழ்தள வண்டி

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், டர்பன் பக்கத்து ரயில்பாதையை மேசைமேல் மாதிரியாகக் கட்ட நினைப்பவர்களுக்கு எஞ்சின் எப்படியாவது கிடைத்துவிடும். பயணிகள் பெட்டியும் கிடைக்கும். திணறவைப்பது சரக்கு வேகன்தான். கடைகளில் வருவது எந்த ஊருக்கும் பொருந்துகிற திறந்த வண்டி, மூடு வண்டி, அவ்வளவே. தோட்டத்திலிருந்து ஆலைக்குக் கரும்பு சுமந்த குட்டி வண்டியும், ஆலையிலிருந்து வெளியே போகும் மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கெட்டிப் பாகு) தொட்டியும் இல்லாத பாதையை நேட்டால் என்று சொல்ல மனம் வராது. 1860 ஜூன் 26-ல் பாயின்ட் என்னும் துறைமுகப் பகுதிக்கும் டர்பனுக்கும் இடையே முதல் ரயில் ஓடியது. மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் அதே ஆண்டு நவம்பர் 16-ல் நம்மவர்களைக் கரும்புத் தோட்ட வேலைக்கு இங்கே கொண்டுவந்து இறக்கியது. இந்த ஊரில் ரயிலும் கரும்பும் நம் குடும்பங்களின் கதையும் ஒன்றாகவே வளர்ந்தவை. அந்த வண்டிகளை ஏனோதானோவென்று செய்ய முடியாது.

செய்முறைக்குள் போகுமுன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வேகன் எவ்வளவு விசித்திரமானதாக இருந்தாலும் அடிச்சட்டம் சாதாரண வேகனைப்போல ஓட வேண்டும். மேலே இருப்பது எதுவானாலும், சக்கரமும் எடையும் வண்டிகளைக் கோர்க்கும் கப்ளிங்கும் சரியாகும்வரை உடலைத் தொடாதீர்கள். அழகாக முடித்துப் பெயின்ட் அடித்த பிறகு தடம்புரளும் வண்டியைத் திருத்துவது, புதிதாக ஒன்று செய்வதைவிடக் கடினம்.

அளவுவிகிதம்

தென்னாப்பிரிக்கப் பெரிய பாதையின் அகலம் 1067 மி.மீ. அதை 64-ஆல் வகுத்தால் 16.67 மி.மீ. எங்கும் கிடைக்கும் ஹெச்.ஓ. (1:87 மாதிரி ரயில்களுக்கான) தண்டவாளத்தின் 16.5 மி.மீ. அகலத்துக்கும் இதற்கும் 0.17 மி.மீ.தான் வித்தியாசம். தோட்டப் பாதைகளின் அகலம் 610 மி.மீ., அதாவது 2 அடி. 64-ஆல் வகுத்தால் 9.53 மி.மீ. ‘என்’ (N) என்னும் சிறிய மாதிரி ரயில் கேஜின் தண்டவாளம் 9 மி.மீ.; அரை மி.மீ. குறைகிறது, கண்ணுக்குத் தெரியாது. ஆகவே 1:64 அளவில் கட்டினால் பெரிய பாதைக்கு ஹெச்.ஓ. சக்கரத்தையும் தோட்டப் பாதைக்கு ‘என்’ சக்கரத்தையும் கடையில் வாங்கியே ஓட்டலாம். இரண்டு பாதையும் சந்திக்கும் ஆலை முற்றத்தில் இரண்டு வண்டிகளும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். 1:87-ல் 1067 மி.மீ. பாதைக்கு 12.25 மி.மீ. வேண்டும், அதை 16.5-ல் ஓட்டினால் வண்டி அகலக் கால் வைத்தது போலத் தெரியும். கீழே வரும் அளவுகள் எல்லாம் 1:64-க்கு.

எந்த ஆண்டைக் காட்டுகிறீர்கள் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். 1910-க்கு முன் நேட்டால் அரசு ரயில்வே, அதன்பின் எஸ்.ஏ.ஆர். (தென்னாப்பிரிக்க ரயில்வே), 1981-ல் பெயர் மாறியது, 1990-ல் ஸ்பூர்நெட். பக்கவாட்டு எழுத்து, நிறம், எடைக்குறிப்பு எல்லாம் இதைப் பொறுத்தே மாறும். உண்மையான 2 அடி வண்டியை நேரில் பார்த்து அளக்க வேண்டுமானால் ஃபிரீ ஸ்டேட்டில் ஃபிக்ஸ்பர்க் பக்கம் சாண்ட்ஸ்டோன் எஸ்டேட்டில் இந்தப் பாதையின் எஞ்சின்களும் வண்டிகளும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. டேப்பும் நோட்டும் எடுத்துப் போங்கள். படத்தைவிட ஒரு மணிநேர அளவு எடுத்தல் அதிகம் உதவும்.

எடையும் சக்கரமும்

அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. ஹெச்.ஓ. வண்டிக்குச் சொல்லும் கணக்கு: 28 கிராம், அதோடு நீளத்தின் ஒவ்வொரு செ.மீ.-க்கும் 5.6 கிராம். 16.5 மி.மீ. பாதையில் ஓடும் நம் 1:64 வேகனுக்கும் இது சரியாக வருகிறது. 175 மி.மீ. நீள வேகன் என்றால் 126 கிராம். ‘என்’ கேஜுக்கு 14 கிராம், அதோடு செ.மீ.-க்கு 1.7 கிராம்.

எடைக்கு ஈயம்தான் நல்லது. மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும் குண்டுகளைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கலாம். தட்டிய பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சாப்பாட்டு மேசையில் இந்த வேலை வேண்டாம். ஒரு எச்சரிக்கை மிக முக்கியம்: ஈயத்தை வெள்ளை மரப்பசையால் ஒட்டாதீர்கள். அந்தப் பசையிலிருந்து வரும் அசெட்டிக் அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். பொடி ஈயத்தைவிட அதிக இடம் கேட்கும். மூடிய தொட்டிக்குள் வைத்திருந்தால் ஓரிரு வருடத்தில் தையல் பிளந்து வண்டி வயிறு வெடிக்கும். டர்பன் ஈரப்பதத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். எபாக்சியைப் பயன்படுத்துங்கள். இரும்பு நட்டும் வாஷரும் கைக்குக் கிடைத்தாலும், காந்தத்தால் கழற்றும் கப்ளிங் வைத்திருப்பவர்கள் அவற்றைத் தவிர்க்க வேண்டும். வண்டியைக் காந்தத்தின்மேல் நிறுத்தினால் தானே நகரும்.

பழைய லிமா (இத்தாலிய மாதிரி ரயில் நிறுவனம்) வேகன்கள் இங்கே வீட்டுக்கு வீடு கிடக்கின்றன. சட்டத்துக்கு அவை பயன்படும், சக்கரம் பயன்படாது. விளிம்பு ஆழமானது, தாழ்ந்த தண்டவாளத்தில் ஆணித்தலைமேல் ஏறித் தடதடக்கும். உலோகச் சக்கரத்துக்கு மாற்றுங்கள். மாற்றுமுன் அச்சின் நீளத்தை வெர்னியரில் அளவெடுங்கள். ஒரு நிறுவனத்தின் அச்சு இன்னொன்றின் போகியில் (சக்கரங்கள் பூட்டிய, திரும்பும் அடிச்சட்டம்) அரை மி.மீ. தளர்வாக ஆடும், அல்லது இறுகிச் சுற்றாது. இரு சக்கரங்களின் உள்முகத் தூரம் 14.4 மி.மீ. இருக்க வேண்டும். குறைந்தால் பாயின்ட்டில், அதாவது தடம் மாறும் இடத்தில், காவல் தண்டவாளத்தில் மோதும். கூடினால் தண்டவாளத்துக்குள் அடங்காமல் ஏறி உட்காரும்.

சக்கர விட்டமும் பார்க்க வேண்டியது. ஹெச்.ஓ. சரக்குச் சக்கரம் 9.6 மி.மீ.; 1:64-ல் அது 614 மி.மீ. ஆகிறது, பெரிய பாதை வேகனுக்குக் குழந்தைச் செருப்பு போட்டது மாதிரி. பிரிட்டிஷ் ஓ.ஓ. (1:76 அளவு) சரக்குச் சக்கரம் 12.6 மி.மீ., அதாவது 806 மி.மீ. கண்ணுக்கு அதுவே ஒத்துப்போகும். அதைப் பிடிக்க 26 மி.மீ. கூர்முனை அச்சும், 2 மி.மீ. பித்தளைக் கிண்ணமும், அச்சிட்ட அல்லது வார்த்த போகிப் பக்கச் சட்டமும் போதும்.

போகி வேகனில் ஒரு போகியைத் திரும்ப மட்டும் விடுங்கள், ஆட விடாதீர்கள். மற்றதைத் திரும்பவும் பக்கத்துக்குப் பக்கம் ஆடவும் விடுங்கள். இரண்டும் இறுகினால் மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். இரண்டும் தளர்ந்தால் வண்டி குடித்தவனைப்போல் சாயும்.

கரும்பு வண்டி

முதலில் படத்தைப் பாருங்கள், பிறகு கத்தியை எடுங்கள். தோட்ட வண்டிகள் ஒரே வகையல்ல. வண்டியின் இரு முனைகளில் உயரச் சட்டம் நின்றால் கரும்பு குறுக்காக அடுக்கப்படும்; பக்கங்களில் கம்புகள் நின்றால் நீளவாக்கில் அடுக்கப்படும். முனைச் சட்டத்தைப் போட்டுவிட்டுக் கரும்பை நீளவாக்கில் வைத்தால், கரும்பு பக்கவாட்டில் ஏன் உருண்டு விழவில்லை என்று ஆலையைப் பார்த்தவர் யாரும் கேட்பார்கள். இங்கே சொல்வது முனைச் சட்ட வகைக்கு.

அடிச்சட்டத்துக்கு 1:148 பிரிட்டிஷ் ‘என்’ நாலு சக்கர வேகன் ஒன்றைப் பலி கொடுங்கள். அதில் 10 அடி அச்சுத் தூரம் என்பது 20.6 மி.மீ.; நம் அளவில் 1.32 மீட்டர். சக்கரமும் ஏறத்தாழ 400 மி.மீ. ஆகிறது. தோட்ட வண்டிக்கு அளவெடுத்துச் செய்தது போலிருக்கும். மேலுடலைக் கழற்றி, இரு முனையிலும் ‘என்’ கப்ளிங் பெட்டியை அறுத்து எறியுங்கள். சட்டத்தை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து மூலைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். டக் டக் என்று ஆடினால் சட்டம் முறுக்கியிருக்கிறது. வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு, கண்ணாடிமேல் கனம் வைத்து ஆறவிடுங்கள்.

தளத்துக்கு 1 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடு, 46 × 22 மி.மீ. பலகைக் கோடு 3 மி.மீ.-க்கு ஒன்று கீறலாம். தளத்தின் அடியில் அச்சுகளுக்கு நடுவே 14 × 16 மி.மீ. ஈயத் துண்டு, 3 மி.மீ. கனம், இது ஏறத்தாழ 7.6 கிராம். எல்லாம் சேர்த்து 15 கிராம் வந்தால் நிறுத்துங்கள். கணக்குப்படி 22 கிராம் வேண்டும் என்பது தெரியும். ஆனால் 12 வண்டித் தொடரை இழுக்கும் குட்டி எஞ்சினுக்கு அது பாரம். அதைவிட முக்கியம் எல்லா வண்டியும் ஒரே எடையாக இருப்பது. 10 கிராம் வண்டிக்குப் பின்னால் 20 கிராம் வண்டிகள் ஐந்தாறு வந்தால், வளைவில் அந்த இளைத்த வண்டி உட்பக்கம் இழுபட்டுச் சாயும். சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பாருங்கள். ஒரு கிராமுக்குள் வித்தியாசம் இருக்கட்டும்.

முனைச் சட்டத்தைப் பிளாஸ்டிக்கில் செய்யாதீர்கள். கை பட்டால் ஒடியும் முதல் இடம் அதுதான். 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி எடுத்துக்கொள்ளுங்கள், 51 மி.மீ. கனக் கம்புக்குச் சமம். ஒரு மரப்பலகையில் 20 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரச் சட்டத்தை வரைந்து, மூலைகளில் குண்டூசி அடித்து, கம்பியை அதைச் சுற்றி வளைத்து, நடுவில் இரண்டு குறுக்குக் கம்பிகளை ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். கால்களை 3 மி.மீ. நீளமாக விட்டு, தளத்தில் 0.8 மி.மீ. துளையிட்டுச் செருகி அடியில் மடித்துவிட்டால் பிடுங்கினாலும் வராது. பற்றவைக்க அமில ஃப்ளக்ஸ் பயன்படுத்தியிருந்தால் சமையல் சோடா கலந்த நீரில் தேய்த்துக் கழுவுங்கள். கழுவாவிட்டால் ஆறு மாதத்தில் மூட்டில் பச்சை பூத்து, பெயின்ட்டை உள்ளிருந்தே தூக்கும்.

அடுத்தது கப்ளிங். சங்கிலி இணைப்பு அழகு, ஆனால் பின்னோக்கித் தள்ளும்போது குட்டி வண்டிகள் மூலையோடு மூலை சிக்கிக்கொள்ளும். முனை நடுவில் 4 மி.மீ. அகலக் கட்டை ஒன்றை ஒட்டி, அதன் முகத்தை வளைவாகத் தேயுங்கள். கட்டையின்மேல் ஒரு 0.6 மி.மீ. ஊசி. இரு ஊசிகளையும் 0.5 மி.மீ. ஃபாஸ்பர் பிரான்ஸ் கம்பியில் வளைத்த இணைப்பால் கோர்த்துவிடுங்கள். 230 மி.மீ. ஆர வளைவில் அடுத்தடுத்த இரு வண்டிகளுக்கும் ஏறத்தாழ 13 பாகைக் கோணம் வரும்; 22 மி.மீ. அகல வண்டியின் உள்மூலைகள் 2.5 மி.மீ. நெருங்கும். முனைக்கும் முனைக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளி விட்டால் எதிரெதிர் வளைவிலும் மோதாது.

இனிக் கரும்பு. இந்த வண்டிக்கு உயிர் தருவது இதுதான், பொறுமையாகச் செய்யுங்கள். 25 முதல் 30 மி.மீ. தண்டு 1:64-ல் 0.4 முதல் 0.5 மி.மீ. ஆகும். பலர் கைக்குக் கிடைக்கிறதே என்று ஊதுபத்திக் குச்சியை நறுக்கிப் போடுகிறார்கள். அது 1.3 மி.மீ., அதாவது 83 மி.மீ. கனம். வண்டி மூங்கில் ஏற்றிப் போவது போலிருக்கும். ஈர்க்குமாற்றின் நுனிப்பகுதி ஓரளவு தேவலை, அதுவும் அடியில் தடித்துவிடும். சரியானது, சாலையோரத்தில் ஜூலு பெண்கள் கட்டி விற்கும் புல் விளக்குமாறு. அதன் தண்டு நேராக இருக்கும், கணுவும் இருக்கும். வாங்கியதும் ஒரு மேசைக்கரண்டி போராக்ஸ் கரைத்த அரை லிட்டர் வெந்நீரில் ஒரு மணிநேரம் ஊறவைத்து நன்றாகக் காயவிடுங்கள், பூச்சி அரிக்காது. போராக்ஸ் தண்ணீர் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.

கரும்பு குறுக்காக இருப்பதால் வண்டியின் இரு பக்கமும் தெரிவது வெட்டு முனைகள், ஆயிரக்கணக்கில். எல்லாத் தண்டையும் முழு நீளத்துக்கு அடுக்கினால் ஒரு வண்டிக்கே ஒரு வாரம் போகும். இப்படிச் செய்யலாம். அட்டையில் 36 மி.மீ. அகலம், 16 மி.மீ. உயரம், 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு பெட்டி அச்சு செய்து உள்ளே பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். முதலில் தண்டுகளுக்குச் சாயம். தோட்டத்தில் வெட்டுமுன் தீ வைப்பதால் தோகை எரிந்துபோகும், தண்டு முழுக் கருப்பாகாது. பழுப்பும் ஊதாவுமான தோல்மேல் கரித் தீற்றல். கெட்டித் தேயிலைச் சாயத்தில் ஒரு இரவு ஊறவைத்து, காய்ந்ததும் கருப்பு அக்ரிலிக்கை நீர்க்கக் கரைத்துத் துணியால் ஆங்காங்கே தடவினால் போதும். பிறகு நீர்த்த மரப்பசையில் தோய்த்து அச்சுக்குள் இறுக்கமாக அடுக்கி, மேலே கனம் வைத்து இரண்டு நாள் காயவிடுங்கள். இந்த அச்சுக்கு ஏறத்தாழ 1,800 துண்டு பிடிக்கும். நீளத் தண்டை மூன்றாக நறுக்கினால் 600 தண்டு. உள்ளே நிற்பது புல், ஈயமில்லை. ஆகவே இங்கே மரப்பசையால் கேடில்லை.

காய்ந்த கட்டையை மெல்லிய பல் ரம்பத்தால் ரொட்டி அறுப்பதுபோல் 4 மி.மீ. துண்டுகளாக அறுங்கள். அறுத்த முகத்தைப் பாருங்கள்: சுற்றிலும் கரிந்த தோல், நடுவில் வெளிறிய சதை. வெட்டிய கரும்பின் முனை உண்மையில் இப்படித்தான் இருக்கும். அதனால்தான் சாயம் முதலில், அறுப்பது பிறகு. வரிசையை மாற்றினால் இந்த வெளிறிய புள்ளிகளைத் தூரிகையால் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கட்டையில் இருபது துண்டு வரும். பத்து வண்டிக்கு ஆகும். 23 மி.மீ. அகலத் தெர்மோகோல் கட்டையைப் பழுப்படித்து, இரு பக்கமும் ஒவ்வொரு துண்டை ஒட்டி, மேலே 31 மி.மீ. நீள முழுத் தண்டுகள் எண்பதைக் குறுக்காகப் பரப்புங்கள். மேல் அடுக்கைச் சீப்பு வாரியது போல் நேராக வைக்காதீர்கள். அங்கங்கே சாய்ந்தும், சில 2 மி.மீ. நீட்டியும் இருக்கட்டும்.

பாரம் 31 முதல் 34 மி.மீ. அகலம் வரும், வண்டி 22 மி.மீ.தான். ஆலை முற்றத்தில் பக்கத்துத் தண்டவாளங்களின் நடுத்தூரத்தை 42 மி.மீ.-க்குக் குறையாமல் வையுங்கள். இதை மறந்து தண்டவாளம் ஒட்டியவர்கள் பிறகு பெயர்த்தெடுக்க வேண்டியதுதான்.

சங்கிலி எப்போதும் தண்டுக்குக் குறுக்கே போகும்; ஆகவே இங்கே அது வண்டியின் நீளவாக்கில் வர வேண்டும். நகைக் கடையில் அறுந்துபோன மெல்லிய வெள்ளிச் சங்கிலித் துண்டு கேளுங்கள், 1 செ.மீ.-க்குப் பத்துக் கண்ணிக்குமேல் இருப்பது. அதை அவித்த முட்டையின் மஞ்சள் கருவோடு மூடிய டப்பாவில் ஒரு இரவு வைத்தால் கருத்துவிடும். பெயின்ட் அடித்தால் கண்ணிகள் அடைந்து கயிறாகத் தெரியும்.

மொலாசஸ் தொட்டி வேகன்

கடையில் வாங்கிய பெட்ரோல் தொட்டி வேகனுக்குக் கருப்படித்து மொலாசஸ் என்று எழுதுவது எளிது, ஆனால் தப்பு. மொலாசஸ் லிட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிலோ; பெட்ரோல் 0.75 கிலோ. ஒரே எடை ஏற்ற மொலாசஸுக்குப் பாதிக்குச் சற்றே அதிகமான கொள்ளளவு போதும். அடிச்சட்டம் நீளம், தொட்டி ஒல்லி. அந்தத் தோற்றம் வந்துவிட்டால் எழுத்தைப் படிக்காமலே என்ன சரக்கு என்று தெரியும்.

எலக்ட்ரிக் வேலைக்கு விற்கும் 25 மி.மீ. பி.வி.சி. குழாய் 1:64-ல் 1.6 மீட்டர் விட்டம். 150 மி.மீ. நீளம் நறுக்கினால் 9.6 மீட்டர், 19 கன மீட்டருக்குச் சற்று மேல், மொலாசஸில் 27 டன். அதே 27 டன் பெட்ரோலுக்கு இந்த நீளத்தில் 34 மி.மீ. குழாய் தேவைப்படும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 175 மி.மீ. நீள ஹெச்.ஓ. தட்டை வேகனின் சட்டம் இதற்கு ஏற்றது; நம் அளவில் 11.2 மீட்டர்.

குழாய்மேல் அச்சிட்ட எழுத்தை 240 எண் உப்புத்தாளால் தேய்த்து நீக்குங்கள். மேற்பரப்பு சொரசொரப்பானால்தான் பெயின்ட்டும் பசையும் பிடிக்கும். ஸ்டைரீனுக்கான திரவப் பசை பி.வி.சி.-யில் ஒட்டியது போலக் காட்டும், மறுநாள் உரிந்துவரும், எபாக்சிதான் வேண்டும். முனை மூடிக்கு 1 மி.மீ. தகட்டில் 25, 22, 17 மி.மீ. வட்டங்களை வெட்டி அடுக்கி ஒட்டி, படிகளை எபாக்சி புட்டியால் நிரப்பிக் குவிந்த வடிவத்துக்குத் தேயுங்கள். ஒரு முனையை ஒட்டிய பின் ஈயத்தைக் குழாயின் அடிப்பாகத்தில் மட்டும் எபாக்சியில் படுக்கவைத்து, கெட்டியானதும் மறுமுனையை மூடுங்கள். ஈயம் நடுவிலோ மேலோ போனால் வண்டியின் கனம் உயரத்தில் நின்று, வளைவில் கவிழும். மூடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் 1 மி.மீ. காற்றுத் துளை ஒன்று விடுங்கள். வெயிலில் உள்காற்று விரிந்தால் போக வழி வேண்டும்.

ரிவெட் வரிசைக்குச் சாப்பாடு கட்டும் அலுமினியத் தட்டின் அடிப்பாகத்தை வெட்டியெடுத்து, முதுகுப்புறம் பல்சக்கரம் ஓட்டிப் புடைப்பு எடுக்கலாம். தையற்காரர் சக்கரத்தின் பல் மிகவும் அகலம். பழைய அலாரக் கடிகாரத்தின் பல்சக்கரம், பல்லுக்குப் பல் 0.8 மி.மீ. உள்ளது, 51 மி.மீ. இடைவெளியைத் தரும். அந்தப் பட்டையைக் குழாயைச் சுற்றி எபாக்சியில் ஒட்டுங்கள். சூப்பர் குளூவை அலுமினியத்தின் அடியில் பரப்பினால் சரிசெய்ய நேரம் கிடைக்காது; கோணலாக ஒட்டிய பட்டை தொட்டியையே கோணலாகக் காட்டும்.

மொலாசஸ் தடித்த திரவம் என்பதால் அடிவால்வும் குழாயும் பெரிதாக வேண்டும்: 2.5 மி.மீ. குழாய், 5 மி.மீ. விளிம்பு. மேல் மூடியிலிருந்து வழிந்த கறைக்குக் கருப்போடு கொஞ்சம் எரிந்த பழுப்பு கலந்து, பளபளப்பு வார்னிஷில் கரைத்து, மெல்லிய தூரிகையால் மேலிருந்து கீழே இழுங்கள். எண்ணெய்க் கறை பரவி மங்கும். மொலாசஸ் கறை கோடாக இறங்கி நுனியில் சொட்டாகத் தடித்து நிற்கும். அந்தச் சொட்டு மட்டும் பளபளக்க வேண்டும். அதன்மேல் தூசி படிந்த மங்கல் வார்னிஷ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆலை உருளை ஏற்றிய தாழ்தள வண்டி

கரும்பு பிழியும் உருளையின் வார்ப்பிரும்பு மேலுறை தேய்ந்தால் மாற்ற வேண்டும். அப்படிப் பட்டறைக்குப் போகும் ஒரு உருளை தாழ்தள வண்டிக்கு அருமையான பாரம். 84 அங்குல நீளம், 42 அங்குல விட்ட உருளை 1:64-ல் 33 × 16.7 மி.மீ. 15.5 மி.மீ. மரத்தடியை 33 மி.மீ.-க்கு அறுத்து, இரு முனையிலும் 8 மி.மீ. குச்சியை அச்சுத் தண்டாகச் செருகுங்கள். மேலே 0.5 மி.மீ. கனத் தையல் நூலை நெருக்கமாக, ஒரு சுற்று மற்றதைத் தொடும்படி சுற்றிக்கொண்டே போங்கள். நீர்த்த மரப்பசை தடவிக் காயவிட்டு, உப்புத்தாளால் மெல்ல ஒருமுறை இழைத்து, துருப்பழுப்பு அடியுங்கள். பள்ளமும் மேடுமாக உருளையின் வரிகள் வந்துவிடும். நூல் திருகலாகப் போகிறது, உண்மையில் வளையங்கள் என்பது இந்த நெருக்கத்தில் யாருக்கும் தெரியாது. தேய்ந்த உருளை என்பதால் வரிகளின் உச்சியில் கிராஃபைட் பென்சிலை லேசாக ஓட்டுங்கள்.

வண்டியின் பக்க உத்தரத்துக்குள் 1 × 5 மி.மீ. பித்தளைப் பட்டை வைத்து ஒட்டுவது கட்டாயம். வெறும் ஸ்டைரீன் உத்தரம் பாரத்தோடு வெயிலில் நிறுத்திய பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஒரு மதியம் இருந்தால் நடுவில் தொய்ந்துவிடும், பிறகு நிமிராது.

நீள வண்டி வளைவில் எவ்வளவு துருத்தும் என்பதை வெட்டுமுன்பே கணக்கிடுங்கள். போகி நடுத்தூரம் 140 மி.மீ., வளைவின் ஆரம் 457 மி.மீ. என்றால், 140-ஐ 140-ஆல் பெருக்கி ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். வண்டியின் நடு 5.4 மி.மீ. உட்பக்கம் வரும். மொத்த நீளம் 200 மி.மீ. என்றால் முனைகளும் ஏறக்குறைய அதே அளவு, 5.6 மி.மீ., வெளிப்பக்கம் போகும். பிளாட்பாரமும் சிக்னல் கம்பமும் அதற்கு அப்பால் நிற்கட்டும்.

டர்பன் காற்றில் பெயின்ட்

இங்கே ஜனவரி, பிப்ரவரி மதியத்தில் லேக்கர் ஸ்ப்ரே அடித்தால் வெள்ளைப் புகை படிந்தது போல மங்கும். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது, காரணம் அதுதான். ஈரப்பதமானி 70 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் அன்று வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அடிப்பது நல்லது. மங்கிவிட்டால் பயப்பட வேண்டாம். உலர்ந்த நாளில் மெதுவாக உலரும் தின்னரை மட்டும் மெல்லிய பனிபோல ஒருமுறை தெளித்தால் பெரும்பாலும் தெளியும். சூப்பர் குளூ ஒட்டிய பாகங்களை அன்றிரவே டப்பாவில் மூடாதீர்கள். அதன் ஆவி மூடிய இடத்தில் தங்கி, மூட்டைச் சுற்றி வெள்ளையாகப் பூக்கும். மின்விசிறிக் காற்றில் ஒரு இரவு இருக்கட்டும்.

பெயின்ட்டுக்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, பிறகு கைவிரல் படாமல் வையுங்கள். சாம்பல் பிரைமர், அதன்மேல் இரண்டு மெல்லிய பூச்சு. டீகால் (நீரில் நனைத்து ஒட்டும் எழுத்துப் படம்) ஒட்டுமுன் பளபளப்பு வார்னிஷ் கட்டாயம். மங்கலான பரப்பில் டீகாலுக்கு அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மின்னும். கருந்தொட்டிமேல் வெள்ளை எழுத்து வேண்டும். சாதாரண பிரின்டர் வெள்ளை அச்சடிக்காது. வெள்ளை டோனர் உள்ள கடையில் அச்சிடுங்கள், அல்லது தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாள் வாங்குங்கள். எஸ்.ஏ.ஆர். காலத்து வண்டியில் ஆங்கிலமும் ஆஃப்ரிகான்ஸும் சேர்ந்து எஸ்.ஏ.ஆர்.–எஸ்.ஏ.எஸ். என்று வரும். ஒன்றை மட்டும் எழுதிவிடாதீர்கள். தோட்ட வண்டிக்கு வெறும் எண் போதும், அதுவும் கையால் எழுதியது போல.

எல்லாம் முடிந்ததும் தொடரின் நடுவில் புது வண்டியைக் கோர்த்து, எஞ்சினைப் பின்னால் வைத்து, உங்கள் பாதையின் மிகக் குறுகிய வளைவிலும் எல்லாப் பாயின்ட்டுகளிலும் பின்னோக்கித் தள்ளுங்கள். பத்து முறை. இழுக்கும்போது மறைந்திருக்கும் குறை தள்ளும்போது வெளியே வரும். தடம்புரண்டால் புரண்ட இடத்தில் தண்டவாளத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். எல்லா வண்டியும் அதே கோட்டில் புரண்டால் குறை தண்டவாளத்தில். ஒரே வண்டி வெவ்வேறு இடங்களில் புரண்டால் அந்த வண்டியைத் திருப்பிப்போட்டு, முதலில் சக்கர இடைவெளியை அளவெடுங்கள், அடுத்து போகி திருகாணியை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள்.